பதிவேட்டில் இல்லாதவர்கள்

ஓசூரைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசியாக நிற்பது ஜூஜுவாடி. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை. மறுபுறம் நடந்தே போகும் தொலைவில் கர்நாடகத்து அத்திப்பள்ளி. இடையில் ஒற்றை அறையும் தகரக் கூரையுமாக வரிசை வீடுகள். ஓர் அறைக்கு நால்வர், ஐவர். பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயில், இரவு ஷிப்ட் முடித்தவர் படுத்துறங்குகிறார். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த முண்டா, ஒராவோன், காரியா இன இளைஞர்களும் அங்கே உண்டு. சோட்டாநாகபுரியில் 1885 ஆம் ஆண்டு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் தொடங்கிய பணியின் பயனாய்த் தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்றுவரும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களுள் இருக்கிறார்கள். கழுத்தில் செபமாலை இருக்கிறது. நம் பங்குப் பதிவேட்டில் பெயர் இல்லை.

இவர்கள் நம் பங்கு மக்களா, இல்லையா? பங்குப் பேரவையில் இதைக் கேட்டுப் பாருங்கள். சிலர் தொண்டையைக் கனைத்துக்கொள்வர். சிலர், "அவர்கள் இன்றிருப்பார்கள், நாளை போவார்கள்" என்பர். குடும்ப அட்டை இல்லை, சந்தா இல்லை, அன்பியக் கூட்டத்திற்கு வருவதில்லை. பின் எப்படிப் பங்கு மக்கள் ஆவார்கள் என்பது வாதம். பங்கு என்னும் அழகிய சொல்லை நாம் சந்தாவாகச் சுருக்கிவிட்டோம்.

திருச்சபையின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 102 ஆம் எண்ணைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும், உண்மையிலேயே மூன்று மாதம் தங்கிவிட்டவருக்கும் அது தற்காலிக உறைவிடம் ஆகிறது. 107 ஆம் எண்படி அந்த இடத்துப் பங்குத்தந்தையே அவருக்கும் பங்குத்தந்தை. நிலையான இருப்பிடமே இல்லாத நாடோடிக்குக்கூட அவர் இன்று எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த இடத்துப் பங்குத்தந்தை உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்தோரைத் தனிக் கரிசனையோடு தேடிச் செல்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 529 ஆம் எண். சந்தா பற்றி இந்த எண்களில் ஒரு சொல்லும் இல்லை.

எல்லைப்புறப் பங்கு ஒன்றில் நாம் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். தாய் இறந்த செய்தி வந்தும் ஊருக்குப் போகப் பணமோ விடுப்போ கிடைக்காத ஓர் இளைஞன், அவள் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுக்க வந்தான். கையில் ஒரு தாள். அதில் இந்தியில் அவள் பெயர். மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த அன்பியம்? அட்டை எண் என்ன?" அவனுக்குக் கேள்வி புரியவில்லை. சிறிது நேரம் நின்றான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அங்கே நின்றிருந்த நாமும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை. மேசையில் இருந்தவரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது.

"மொழி தெரியவில்லையே, என்ன செய்வது?" என்ற சாக்கு ஒன்று உண்டு. யார் சொல்வது இதை? ஓசூரில் இன்று பேரவை நாற்காலிகளில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் இந்த மண்ணின் பூர்வகுடிகள்? லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் 1980களில் இங்கே ஆலைகளை நடத்தத் தொடங்கிய பின், சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தாமே பலர்? தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊரில் தமிழ்த் திருப்பலி தேடி அலைந்தவர்கள்தாமே? எல்லைக்கு அப்பால் பெங்களூரில் வழிபாட்டு மொழி பற்றிப் பல பத்தாண்டுகள் சச்சரவு நீடித்தபோது, தமிழருக்குத் தமிழில் வழிபாடு வேண்டுமென்று நெஞ்சு கொதித்தோம். நியாயமான கொதிப்புதான். அந்த நியாயம் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைத் தாண்டி இப்பால் வந்ததும் ஏன் ஆறிப்போகிறது?

எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள் என்ற முறையீட்டிலிருந்துதான் திருத்தொண்டே பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் திருத்தூதர்கள். நாமோ கிறிஸ்து பிறப்புக்கு ஒரு கேக்குத் துண்டும் போர்வையும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். போர்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓசூர்க் குளிர் மார்கழியில் பொல்லாதது. ஆனால் கொடுப்பவர் நாம், வாங்குபவர் அவர் என்ற கோடு ஆண்டுதோறும் சற்று ஆழமாகிறது.

2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது, ஊர் திரும்ப வழியின்றித் தவித்த தொழிலாளரைக் கண்டு உருகினோம். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில், தீபாவளிக் காலக் கூலிக்குச் சென்றிருந்த தமிழக இளைஞர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் உருகினோம். நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் இன்னொரு ஊரில் பதிவேட்டில் இல்லாதவர்கள்தாம். இறந்த பிறகுதானா ஒருவர் நம் கணக்கில் ஏற வேண்டும்?

திருவிழா வரவு செலவுக்காகப் பேரவை கூடும் முன், ஒரு ஞாயிறு மாலை இருவர் இருவராக அந்த வரிசை வீடுகளுக்குச் சென்று பெயர், ஊர், ஷிப்ட் நேரம் ஆகியவற்றை எழுதி வரட்டும். காலை ஏழு மணித் திருப்பலி இரவு ஷிப்ட் முடித்தவருக்கு எட்டாக்கனி என்பது அப்போது தெரியவரும். பெங்களூரின் துறவற இல்லங்களில் இந்தியும் சாத்ரியும் அறிந்த குருக்களுக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை ஒருவரை அழைத்துவரப் பேருந்துக் கட்டணம்தான் செலவு. பேரவையில் அவர்களுக்கென ஓர் இடம் ஒதுக்கட்டும். சந்தாவும் கேட்கலாம், மகிழ்ந்து தருவார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.