புறா ஏன் வென்றது?

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால்மேட்டுக்குள் கடல் புகுந்தபோது, உயிர் தப்பியவர்களிலும் பள்ளிச் சான்றிதழையும் குடும்பப் படங்களையும் இழந்து நின்றவர் பலர். இன்று எல்லாம் கணினியில் பத்திரமாக உள்ளன என்கிறோம். அந்தக் கணினி எங்கே இருக்கிறது? அதே வீட்டில்தானே!

இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்றால், "எங்கள் தெருவில் இணையம் ஊர்கிறது" என்பர். உண்மைதான். இறக்கும் வேகத்தில் பெருமை பேசும் இணைப்புகள் பல, ஏற்றும்போது கையை விரித்துவிடும். நொடிக்கு 1 மெகாபிட் ஏறினால், 1 ஜிகாபைட் ஏற 2 மணி நேரத்துக்கு மேலாகும். 50 ஜிகாபைட்டுக்கு நான்கரை நாள்! நடுவில் மின்சாரம் போனால் கேட்கவே வேண்டாம்.

ஆனால், முதல் நகலையும் இணையத்தில்தான் அனுப்ப வேண்டுமென்று யார் சொன்னது? 2009இல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்னும் புறா, 4 ஜிகாபைட் நினைவட்டையைச் சுமந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பறந்தது. அட்டையில் இருந்ததைக் கணினிக்கு மாற்றி முடித்தபோதும், இணைய வழியில் 4 விழுக்காடுதான் போயிருந்தது!

நமக்குப் புறா வேண்டாம், பேருந்து இருக்கிறது. முதல் நகலை வன்தட்டில் வெளியூருக்கு எடுத்துப் போய்விட்டு, பிறகு மாறியவற்றை மட்டும் இரவில் ஏற்றினால் போதும். ஆர்சிங்க் என்னும் நிரல் 1996 முதலே, கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பி வருகிறது.

உபதேசம் செய்யும் என் ஆய்வேடும் சென்ற மாதம் வரை ஒரே பென்டிரைவில்தான் கிடந்தது. இப்போது அதன் நகல் ஒன்று, கடலைக் காணாத திருவாரூரில், அத்தை வீட்டுப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.