ஆரோவில் யாருடைய ஊர்?

2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஆரோவில் வழக்குகளில் தீர்ப்பு சொன்னது. லண்டனில் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அது பெரிசா ஓடவில்லை. கண்ணில் பட்ட ஒன்றிரண்டு பதிவும் ‘ஹிப்பிகளுக்கு ஆப்பு’ ரகம். எனக்கென்னவோ, பிழைக்க வந்த தேசத்தில் வேர்விட்டு வாழ்கிற நாம்தான் இந்தத் தீர்ப்பைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

விஷயம் இதுதான். 2021 டிசம்பரில் ‘கிரவுன்’ எனப்படும் வட்டச் சாலைக்காக ஆரோவில் நிர்வாகம் ஜேசிபியை இறக்கி மரங்களைச் சாய்த்தது. எதிர்த்தவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தீர்ப்பாயம் முதலில் தடை போட்டது. 2022 ஏப்ரலில், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் நகரத் திட்டத்தைத் தொடர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மாஸ்டர் பிளானுக்குச் சட்ட வலு உண்டு, இதில் தலையிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்பது காரணம். நகர மேம்பாட்டுக் குழுவை நிர்வாகம் அமைத்த விதம் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் அதே நாளில் போனது.

இதைப் புரிந்துகொள்ள 1968-க்குப் போகணும். அந்த வருடம் பிப்ரவரி 28-ம் தேதி, புதுச்சேரிக்கு வடக்கே வானூர் பக்கத்துச் செம்மண் மேட்டில், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு ஊரைத் தொடங்கினார்கள். கனவு அன்னை மிரா அல்ஃபாசாவுடையது. நட்சத்திர மண்டலம் போலச் சுழலும் நகர வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே போட்டது. கணக்கு, 50,000 பேர். வந்து சேர்ந்ததோ கொஞ்சம் பேர். மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த பூமியில் வரப்பு கட்டி, கன்று நட்டு, பக்கத்துக் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து காடாக்கினார்கள். ஆக, பேப்பரில் ஒரு நகரம், தரையில் ஒரு காடு. நம்ம ஐடி பாஷையில் சொன்னால், டிசைன் டாக்குமென்ட் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டம் வேறொன்று.

1973-ல் அன்னை மறைந்ததும் சொத்தும் நிர்வாகமும் யாருக்கு என்று ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்போருக்கும் சண்டை மூண்டது. அப்போது மத்திய அரசை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான் குடியிருப்போருக்கு. 1980-ல் அவசரச் சட்டம் போட்டு அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சொசைட்டி தரப்பு, இது மத நிறுவனம், அரசு கை வைக்கக் கூடாது என்று வாதாடியது. 1982-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆரோவில் மதம் அல்ல, சட்டம் செல்லும் என்றது. 1988-ல் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம் வந்தது. ஆட்சிக் குழு, சர்வதேச ஆலோசனைக் குழு, குடியிருப்போர் பேரவை என்று மூன்று அமைப்புகள். இவற்றில் சாவி ஆட்சிக் குழுவிடம். அதை நியமிப்பது டெல்லி. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சாவியை யாரும் முழுசாகத் திருப்பவில்லை. 2021-ல் ஜெயந்தி ரவி செயலாளராக வந்து, ஆளுநர் ஆர்.என்.ரவி தலைமையில் ஆட்சிக் குழுவும் மாறிய பிறகு திருப்பினார்கள். அவ்வளவுதான்.

இங்கே வாட்ஃபோர்டு பக்கம் பக்திவேதாந்த மேனருக்குப் போகாத லண்டன் தமிழர் குறைவு. ஜார்ஜ் ஹாரிசன் 1973-ல் கொடுத்த வீடு. ஊர்க்காரர்கள் கூட்டத்தையும் காரையும் சொல்லிப் புகார் செய்ய, கவுன்சில் பொது வழிபாட்டுக்குத் தடை கொண்டுவந்தது. வழக்கு, ஊர்வலம் என்று வருடக்கணக்கில் இழுத்து, 1996-ல் அனுமதி கிடைத்தது. கிராமத்துக்குள் போகாமல் தனிச் சாலை போட்டதுதான் தீர்வு. அங்கே சாலை சண்டையை முடித்தது, ஆரோவிலில் சாலையே சண்டை. வழிபாட்டு உரிமை என்று கேட்க மேனருக்கு ஒரு வழி இருந்தது. ஆரோவிலுக்கு 1982-லேயே அந்தக் கதவு அடைத்துவிட்டது.

எனக்கு மரத்தைவிட உறுத்துவது விசா. ஆரோவிலில் வீடு யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் ஃபவுண்டேஷனுடையது. வெளிநாட்டுக்காரர் தொடர்ந்து தங்க நிர்வாகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் கிடைக்காமல் பல வருடம் வாழ்ந்தவர்கள் தவித்ததாகச் செய்திகள் வந்தன. ஸ்பான்ஸர் கம்பெனி கடிதத்தில் உயிரைக் கட்டிவைத்து இந்த மிச்சத்தில் ஐந்து வருடம் ஓட்டின எனக்கு (ஊர்ப் பேரே மிச்சம், என்ன செய்ய) அது எப்படி வாயை மூட வைக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். வாசலில் விசாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே கருத்துக் கேட்டால் யார் நிஜத்தைச் சொல்வார்?

அதற்காக ஆரோவில்வாசிகளை முழுக்க ஏழைபாழையாகக் காட்டவும் எனக்கு மனசில்லை. சுமார் 3,300 பேரில் இந்தியர்கள்தான் பெரிய கூட்டம், அதில் உள்ளூர்த் தமிழரும் உண்டு. ஆனால் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், இரும்பை மக்களில் மிகப் பலருக்கு அந்த ஊர் வேலைக்குப் போகிற இடம் மட்டுமே. நிலம் விற்றது அவர்கள். மாஸ்டர் பிளான் எல்லைக்குள் இன்னும் அவர்களுடைய நிலம் இருக்கிறது. 1988 சட்டத்தின் மூன்று அமைப்புகளில் கிராமத்துக்கு என்று ஒரு நாற்காலி இல்லை. மரம் வேண்டும் என்ற தரப்பும், சாலை வேண்டும் என்ற தரப்பும் இத்தனை வருட வழக்கில் அந்த நாற்காலியைக் கேட்டு வாதாடவில்லை.

அரசு தரப்பு கையில் பிடித்திருக்கும் அந்த மாஸ்டர் பிளான் 1999-ல் தயாரானது, 2010-ல் அரசிதழில் வந்தது. அதற்கு வைத்த இலக்கு வருடம் 2025. அடுத்த திட்டத்தை யாராவது எழுதத்தான் வேண்டும். கிராமத்து நாற்காலியைக் கேட்க அதுதான் நேரம்.