பட்டியலில் இல்லாதவர்கள்

வயிற்றில் மலப்பை வைத்தவரைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைக்கலாமா என்று நம் ஊரில் இன்னும் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். பெருங்குடல் புண்ணோடு பல வருஷம் போராடி, கடைசியில் குடலையே எடுத்துவிட்டுப் பையோடு வாழ்பவன் நான். முன்பு விருதுநகரிலிருந்து சிவகாசி போவதற்குள் திருத்தங்கலில் இறங்கிக் கழிப்பறை தேடுவேன். இன்று நிம்மதியாகப் போய் வருகிறேன்.

இது புது வைத்தியமும் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், அதனால் ஒன்று சொல்கிறேன். பிரான்ஸின் பிரெஸ்த் நகரில் 1793இல், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு துய்ரே என்ற மருத்துவர் வயிற்றில் வழி திறந்தார். அந்தப் பிள்ளை 45 வயது வரை வாழ்ந்தது.

ஆனால் நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 சொல்லும் 21 வகைகளில் எங்களுக்கென்று ஒரு வரி கிடையாது. காலமெல்லாம் அரசாங்கக் கோப்பு எழுதியவன் நான். பட்டியலில் இல்லாதவர் மனு என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பை சில நூறு ரூபாய். நம் வெயிலில், வேர்வையில் பசை விட்டுவிடும். பட்டாசு ஆலைக் கூலித் தொழிலாளி என்ன செய்வார்? அதையே கழுவிக் கழுவி மாட்டுவார். தோல் புண்ணாகும். வேலையும் போகும்.

அரசிடம் கேட்பது இதுதான்: ஏழைகளுக்கு இலவசப் பை, பேருந்து நிலையக் கழிப்பறையில் தண்ணீர் வரும் குழாய், பொருள் வைக்க ஒரு தட்டு, மாட்ட ஒரு கொக்கி.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. சரியாக ஒட்டிய பை நாறாது. எங்களைக் கண்டதும் மூக்கைப் பொத்தாதீர்கள்.