ஆக்ஸிஜன் அல்ல, காற்று

கடலிலோ கிணற்றிலோ ஆளைத் தேடினார்கள் என்றால் மறுநாள் பேப்பரில் "வீரர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் இறங்கினர்" என்று வந்துவிடுகிறது. ஸ்கூபா சிலிண்டரில் வழக்கமாக இருப்பது நாம் திண்ணையில் உட்கார்ந்து சுவாசிக்கிற அதே காற்றுதான். சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருப்பார்கள், அவ்வளவே. சுத்த ஆக்ஸிஜனோடு ஆறேழு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் அப்புறம் என்ன இருக்கிறது? இது சின்ன எழுத்துப் பிழை என்று விட எனக்கு மனம் வரவில்லை.

இதை உடம்பில் பட்டே தெரிந்துகொண்டவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ. ஆக்ஸிஜன் கருவியோடு இறங்கி, இரண்டு முறை வலிப்பு கண்டு பிழைத்தவர். பிறகுதான் அழுத்திய காற்றின் பக்கம் திரும்பினார். அதிலும் ஒரு சிக்கல். 10 மீட்டர் இறங்கினால் நம்மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும், 20 மீட்டரில் மூன்று மடங்கு. வாய்க்கு வரும் காற்றும் அதே அழுத்தத்தில் வந்தால்தான் நெஞ்சு விரியும்.

கூஸ்தோவின் மாமனார் ஏர் லிக்கீத் என்ற வாயுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். அந்த வழியில் 1942 கடைசியில் பாரிஸில் எமில் கானியான் என்ற பொறியாளரைப் பார்த்தார். (சிபாரிசு எல்லா ஊரிலும் உண்டு. இது உருப்படியான சிபாரிசு.) ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் பெட்ரோல் கிடையாது. எரிவாயுவில் கார் ஓட்ட, என்ஜின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடுகிற ஒரு வால்வைக் கானியான் செய்து வைத்திருந்தார். என்ஜினுக்குப் பதில் மனித நெஞ்சு. பிரெஞ்சில் அந்த வால்வுக்கு 'தெத்தாந்தர்' என்று பெயர், அழுத்தத்தைத் தளர்த்துவது.

மார்ன் நதியில் சோதித்தார்கள். படுத்த நிலையில் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தது. வெளிமூச்சுக் குழாயின் வாயும் உள்மூச்சு வால்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கோளாறு தீர்ந்தது. 1943 ஜூனில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ மீன் மாதிரி நீந்தினார்.

இவர்களுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1860களிலேயே ரூக்கேரோல், தெனேரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ழூல் வெர்ன் தன் கடலடி நாவலில் அவர்கள் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார். என்னைப்போல் பிரெஞ்சில் படித்த புதுச்சேரிக்காரர்களில் சிலருக்காவது அது ஞாபகம் இருக்கும்.

கூஸ்தோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. தன் உயிரை வைத்துச் சோதித்தவர் அவர். ஆனால் 1956-இல் கான் விழாவில் 'மௌன உலகம்' படத்துக்குத் தங்கப்பனை வாங்கியபின் சிவப்புத் தொப்பியும் அவர் முகமும்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆபீசில் கோப்புக்குக் குறிப்பு எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். எழுதியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. காலமெல்லாம் குறிப்பு எழுதியவன் என்பதால் எனக்குக் கானியான் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் காப்புரிமையில் இருவர் பெயரும் இருந்தது. கானியான் 1947-இல் குடும்பத்தோடு கனடாவின் மொன்ரேயாலுக்குப் போய்விட்டார். அங்கேயும் வால்வுகள்தான் செய்துகொண்டிருந்தார்.