கலமும் அளவும்

மதுவைப் பற்றிய வாதங்கள் நம் நாட்டில் பெரும்பாலும் குடிக்கலாமா, கூடாதா என்ற இரு கரைகளுக்கிடையிலேயே ஓடிக் களைத்துப் போகின்றன; ஒருவன் எவ்வளவு குடிக்கிறான் என்பதை அவனுடைய மன உறுதி மட்டுமின்றி, அவன் கைக்கு மது வந்து சேரும் பாத்திரமும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது என்ற விஷயத்தை இரு தரப்பாருமே அதிகம் பொருட்படுத்துவதில்லை. தக்கையைப் பிடுங்காமலேயே பழைய ஒயினை ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் வடித்தெடுக்கும் கருவி ஒன்று, பத்தாண்டுகளுக்கு மேலாக வெளிநாடுகளின் உணவு விடுதிகளில் புழங்கி வருகிறது. அதைச் சீமான்களின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாமல், மதுவோடு ஈராயிரம் ஆண்டு சம்பந்தமுடைய இந்தப் புதுச்சேரி நகரத்தார் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்தப் பாத்திர நியாயமே காரணம்.

அமெரிக்கரான கிரெக் லாம்பிரெக்ட் மருத்துவ உபகரணங்களை உருவாக்குவதைத் தொழிலாகக் கொண்டவர். 1999-இல் அவருடைய மனைவி கருவுற்று மதுவைத் தவிர்த்திருந்த சமயத்தில், தாம் ஒருவர் அருந்தும் ஒரு கோப்பைக்காக முழுப் புட்டியைத் திறந்து மிச்சத்தைப் பாழாக்க மனம் ஒப்பாமல், உடலுக்குள் மருந்து செலுத்தும் மெல்லிய ஊசிகளைப் பற்றித் தாம் அறிந்திருந்ததைப் புட்டியின் தக்கையிலே பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கினார். கோரவின் என்ற பெயரோடு 2013-இல் அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. புட்டியின் கழுத்தைக் கருவி கவ்வியிருக்க, உள்ளீடற்ற நீண்ட ஊசியை மேலுறையையும் தக்கையையும் துளைத்துக்கொண்டு இறங்கும்படி அழுத்தி, புட்டியைக் கோப்பையின் மேல் சாய்த்து, விசையை ஒரு கணம் அமுக்கிவிட வேண்டும். சிறு உருளையில் அடைபட்டிருக்கும் ஆர்கான் வாயு உட்புகுந்து நெருக்க, அந்த நெருக்கத்தால் ஒயின் ஊசியின் வழியாகவே வெளியே ஒழுகும். வேண்டிய அளவு விழுந்ததும் புட்டியை நிமிர்த்தி ஊசியை உருவினால், மரப்பட்டையிலிருந்து செய்யப்பட்ட இயற்கைத் தக்கை தன் நெகிழ்ச்சியினால் துளையைத் தானே மூடிக்கொள்ளும். வெளியேறிய மதுவின் இடத்தை ஆர்கான் நிரப்பியிருப்பதால், காற்று உள்ளே புக வழியில்லை.

இந்த ஆர்கான் நமக்கு அந்நியமானதன்று. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அதுவே. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளில் எவர்சில்வரைப் பற்றவைக்கும் தொழிலாளியிடம் கேட்டால், ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சட்டென்று சொல்லுவார். உருகிய உலோகத்தை ஆக்ஸிஜன் தீண்டிக் கெடுத்துவிடாதபடி அங்கே காவல் நிற்கும் வாயுதான், எதனோடும் சேராத தன் சுபாவத்தினால் இங்கே ஒயினுக்கும் காவல் நிற்கிறது. மதுவுக்கு ஆக்ஸிஜன் முழுப் பகையும் அன்று. திராட்சை மதுவின் முதிர்ச்சிக்கு, சிறிது சிறிதாக உள்ளே கசியும் ஆக்ஸிஜன் அவசியம் என்பதையும், அதுவே மிகுந்தால் மது கெட்டுவிடும் என்பதையும் 1866-இல் வெளியான தம் நூலில் லூயி பாஸ்டர் விளக்கினார். ஆகவே பழைய ஒயின் என்பது, காற்றோடு பல ஆண்டுகள் வைத்துக்கொண்ட மிக அளவான உறவின் பயன். தக்கையைப் பிடுங்கும் கணத்தில் அந்த அளவு உடைந்துபோகிறது. மிகவும் முதிர்ந்த ஒயின் சில மணி நேரத்திலேயே களையிழக்கும். மற்றவையும் பெரும்பாலும் சில நாட்களுக்குமேல் தாங்குவதில்லை. திறந்ததை முடித்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இங்கேதான் பிறக்கிறது.

அந்த நிர்ப்பந்தம் நம் ஊருக்குப் புதியதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும், அதன்பின் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலானோர் நடத்திய அகழாய்வும் வெளிக்கொணர்ந்த பொருள்களிலே, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள் ஏராளம். அவற்றில் கணிசமானவை கிரேக்கத் தீவாகிய கோஸின் பாணியில் அமைந்தவை என்பர். இரண்டு மண் உருளைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்துச் செய்த பிடியும், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவதற்கு ஏற்றபடி கூராக முடியும் அடியும் அந்தச் சாடிகளின் அடையாளம். மண்ணின் நுண்துளைகளில் மது கசியாதிருக்க உட்புறத்தில் பைன் மரப் பிசின் பூசி, வாயைத் தக்கையாலோ மண் தட்டாலோ அடைத்து, மேலே சாந்து வைத்து மெழுகி அனுப்பினார்கள். கோஸ் தீவின் மதுவில் கடல்நீரைக் கலப்பதும் ஒரு சம்பிரதாயம். அதைப் போல இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையைக் காட்டோ என்னும் ரோமானியர் தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

ரோமானியரின் ஆம்போரா அளவு சுமார் 26 லிட்டர். இன்றைய புட்டிக் கணக்கில் அது முப்பதுக்கும் மேல். சாந்து உடைந்த பிறகு அந்தச் சாடியைத் திரும்ப மூடி வைப்பதால் பெரிய பயன் விளையாது. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் நாளும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்தியதைப் படிக்கும்போது, அந்த ‘நாளும்’ மன்னனுடைய சுகபோகத்தை மட்டும் உணர்த்துவதாக எனக்குத் தோன்றவில்லை. திறந்துவிட்ட சாடி புளிக்கும் முன் காலியாக வேண்டுமென்ற அவசியமும் அதற்குள் இருக்கக்கூடும். சாடி பெரியது, ஆகவே கூட்டம் பெரியது, விருந்தும் பெரியது.

கண்ணாடிப் புட்டியும் தக்கையும் ஐரோப்பாவில் இணைபிரியாமல் சேர்ந்தது பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில். பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் இங்கே காலூன்றியதும், துய்ப்ளே 1742 முதல் 1754 வரை கவர்னராக ஆட்சி செய்ததும் ஏறக்குறைய அதே காலம். புட்டியின் வடிவம் படுக்கவைத்து அடுக்குவதற்கு ஏற்றபடி மாறிய பிறகே, தக்கை எப்பொழுதும் நனைந்து உப்பியிருக்க, மது பல ஆண்டுகள் முதிர்வது சாத்தியமாயிற்று. சாடிக்குக் கூட்டம் தேவைப்பட்டதென்றால், 750 மில்லிலிட்டர் புட்டிக்கு நாலு பேர் போதும். ஆனால் முதிர்ச்சிக்குக் குளிர்ந்த நிலவறை வேண்டும். வெப்பமண்டலக் கடல்களைச் சுற்றி வந்ததனால் சுவை கூடியது என்று பெயர் பெற்றது மதேரா தீவின் மது. மற்ற ஒயின்களுக்கோ பதின்மூன்று, பதினான்கு டிகிரி அளவில் நிலையான குளிர்ச்சி தேவைப்பட, கடற்கரை ஊராகிய நம்முடைய வெயில் அவற்றுக்கு என்றைக்கும் சத்துருவே.

இந்த விரோதத்தைக் கண்ணால் காண வேண்டுமானால், பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ குடும்பங்களின் கூடத்துக்குப் போனால் போதும். பிரான்சிலிருந்து மகனோ மருமகனோ சுங்கம் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் அடக்கிக் கொணர்ந்த நல்ல போர்தோ புட்டி ஒன்று, கண்ணாடி அலமாரியில், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நிற்கும். பேத்தியின் கல்யாணத்துக்குத் திறக்கலாம், பெரியவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்குத் திறக்கலாம் என்று தவணை தள்ளிப்போகும். ஒவ்வொரு சித்திரைக்கும் தக்கை சற்று உலரும், மதுமட்டம் கழுத்திலிருந்து சற்று இறங்கும். கடைசியில் ஒரு நாள் திறக்கும்போது, உள்ளே இருப்பது புளித்துக் கெட்ட திரவமாக இருக்கும். ஒரே தடவைதான் திறக்க முடியும் என்ற பயமே அந்தப் புட்டியைக் கெடுத்தது என்றால் மிகையாகாது.

இனி ஏழையின் புட்டிக்கு வருவோம். சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியபோது, 1954 நவம்பர் முதல் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த புதுச்சேரி அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது. எல்லை தாண்டி வந்து குடிப்போரின் ஊர் என்ற பெயர் அன்றைக்கு வாய்த்தது, இன்னும் விடவில்லை. இந்த நகரத்தில் மது விற்பனையின் உண்மையான அளவுகோல் 180 மில்லிலிட்டர் குவார்ட்டர் புட்டி. கூலி வாங்கிய கையோடு கடைக்கு வருபவன் குவார்ட்டர் வாங்குகிறான். திறந்த புட்டியை மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போவது அவனுக்கும் சங்கடம், வீட்டாருக்கும் சங்கடம். ஆகையால் நின்ற இடத்திலேயே முடிக்கிறான். பாதி போதும் என்று நினைப்பவன் பங்குக்கு ஆள் பிடித்துக் ‘கட்டிங்’ போடுகிறான். கள்ளுக்கடையில் பானையிலிருந்து கேட்ட அளவு மொண்டு கொடுப்பார்கள். புட்டிக் கடையிலோ ஆலை நிர்ணயித்ததே அளவு. சாடி விருந்தை விதித்தது போலவே, குவார்ட்டர் போதையை விதிக்கிறது.

ஊசியின் மகிமை இந்த இடத்தில்தான் விளங்குகிறது. திறக்காமலே எடுக்கலாம் என்றால், முடித்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. முடிக்க வேண்டியதில்லை என்றால், 75 மில்லிலிட்டரை முகர்ந்து, சுவைத்து, கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஒரு புட்டி பத்துப் பேருக்கு, பத்து வெவ்வேறு நாட்களில் பயன்படும். இறக்குமதி ஒயினுக்கு நெடுநாளாக 150 சதவீதம் வரை சுங்கவரி விதித்து வந்த நாட்டிலே, முழுப் புட்டியைக் கனவிலும் வாங்க இயலாத ஒரு பள்ளி ஆசிரியர், முதிர்ந்த பர்கண்டியின் சுவை எத்தகையது என்பதை வாழ்நாளில் ஒரு முறையாவது அறிந்துகொள்ள இது ஒன்றே உபாயம்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. கூடிக் குடிப்பதே ஒயினின் தர்மம், ஊசியோ மனிதனைத் தனிக்கோப்பைக்காரனாக்குகிறது என்பார் சிலர். ஒரே புட்டியை நால்வர் பகிர்வதற்குப் பதிலாக, நாலு புட்டிகளிலிருந்து நால்வரும் பகிரலாம் என்பதே அதற்கு விடை. கருவிக்கு எல்லைகள் உண்டென்பதும் மெய்யே. செயற்கைத் தக்கை துளையை மூடிக்கொள்ளாது. பொங்கும் ஷாம்பேனுக்கு இந்த ஊசி உதவாது. நாசிக்கிலிருந்து வரும் ஒயின்களில் பல திருகுமூடியோடு வருவதால் அவற்றில் ஊசி நேரடியாக இறங்காது. மிகப் பழைய தக்கை பொடிந்துவிடும். அடியில் வண்டல் தங்கிய புட்டியை அடிக்கடி சாய்ப்பது அதைக் கலக்கிவிடும். வெயிலில் வெந்து கெட்ட ஒயினை எந்த ஆர்கானும் மீட்டுத் தராது.

எல்லாவற்றையும்விடப் பலமான ஆட்சேபம் நாணயத்தைப் பற்றியது. ‘சீல் உடைக்காத பாட்டில்’ என்பதே நம் ஊர்க் கடைகளில் வாங்குபவனுக்கு உள்ள ஒரே தைரியம்; ஊசியோ சீலை உடைக்காமலே உள்ளிருப்பதை எடுத்துவிடுகிறது. எடுக்க முடியுமானால் மலிவானதைச் செலுத்தி நிரப்பவும் முடியும் என்று மோசக்காரன் நினைக்கமாட்டான் என்பதற்கு யார் ஜாமீன்? ஆகவே கருவியை வரவேற்கும் அரசாங்கம், அதற்குரிய நியதிகளையும் உடன் வகுக்க வேண்டும். ஊசி முதன்முதல் இறங்கிய தேதி புட்டியின் கழுத்தில் சீட்டாக ஒட்டப்பட வேண்டும். வாடிக்கையாளரின் மேசைக்கே புட்டியைக் கொணர்ந்து, அவர் கண்ணெதிரில் ஊற்ற வேண்டும். விலைப்பட்டியலில் கோப்பையின் மில்லிலிட்டர் அளவு விலைக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். சேமிப்பு அறையின் வெப்பநிலைக் குறிப்பு கலால் அதிகாரியின் பார்வைக்கு எப்பொழுதும் தயாராக இருக்க வேண்டும். காலியான புட்டி தக்கையோடு வெளியே போகாமல் விடுதியிலேயே உடைக்கப்பட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட நடைமுறைக்கு ஒவ்வாததன்று.

மதுவிலக்கை நோக்கி முயல்வது ராஜ்யத்தின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 47-ஆவது ஷரத்து கூறுகிறது. குடியினால் கெட்ட குடும்பங்களைக் கண்ட எவரும் அந்த லட்சியத்தை எளிதில் பரிகசிக்க மாட்டார்கள். வெள்ளைநகரத்து விடுதியில் ஓர் ஊசி தக்கையில் இறங்குவதால் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடப்பவன் எழுந்துவிடப் போவதில்லை என்பதையும் நான் அறிவேன். ஆயினும் கலால் வருமானத்தில் பெரும் நாட்டமுள்ள ஓர் அரசாங்கம், எத்தனை புட்டி விற்றது என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, எந்த அளவில் விற்றது என்ற கேள்வியை ஆலை முதலாளிகளிடம் விட்டுவிடுவது நியாயமாகாது. பத்துப் பேர் ஒரு புட்டியில் திருப்தியடையக்கூடும் என்பதைச் சீமான்களின் மேசையில் இந்தக் கருவி நிரூபிக்கிறதென்றால், குவார்ட்டருக்குக் குறைந்த அளவை, கலப்படமற்றதாக, நியாயமான விலையில், அளந்து கொடுக்கும் உரிமையை ஏழையின் கடைக்கும் அளிப்பதில் என்ன தடை? சுற்றுலா விடுதிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் அடுத்த சந்தர்ப்பத்திலேயே கோப்பை விற்பனைக்கு மேற்சொன்ன நியதிகளை விதித்து, அதே ஆணையில் சாதாரணக் கடைகளின் சிற்றளவு விற்பனையையும் புதுச்சேரி அரசு பரிசீலிக்க வேண்டும். அளவைக் குறைக்கும் சுதந்திரம், பணமுள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருந்துவிடக் கூடாது.