வண்ண உளவியலும் வர்ண உளவியலும்

டீ-சர்ட்டில் படமும் வாசகமும் அச்சடித்துத் தருகிற கடைகளில் இப்போது ஒரு வண்ண அட்டையை நீட்டுகிறார்கள். சிவப்பு என்றால் வேகம், பசி, ஆசை. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. பச்சை இயற்கை. கறுப்பு கம்பீரம். வெள்ளை தூய்மை. நீலம் நம்பிக்கை, அமைதி. இதற்குப் பெயர் வண்ண உளவியலாம். எந்த நிறத்தைப் போட்டால் பார்க்கிறவன் மனசில் என்ன தோன்றும் என்பதை விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டதாம். அட்டையைப் பார்த்து விரலை வைப்பது மட்டும்தான் நம் வேலையாம். பார்க்கிறவன் யார், போட்டிருப்பவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்ற கேள்விக்கு அந்த அட்டையில் கட்டம் கிடையாது.

நமக்கு இது புதுசா என்ன? வர்ணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் இதே மாதிரி ஒரு அட்டை போடுகிறார்: பார்ப்பனர் வெள்ளை, சத்திரியர் சிவப்பு, வைசியர் மஞ்சள், சூத்திரர் கறுப்பு. அங்கேயே பரத்துவாசர் திருப்பிக் கேட்கிறார்: நிறத்தை வைத்துத்தான் பிரிவு என்றால் எல்லாப் பிரிவிலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கிறதே, வியர்வையும் மூத்திரமும் எல்லார் உடம்பிலும்தானே ஒழுகுகிறது என்று. நல்ல கேள்விதான். ஆனால் ஊரை ஆண்டது பிருகுவின் பட்டியல். பரத்துவாசரின் கேள்வி சுவடியிலேயே தங்கிவிட்டது. அந்தப் பட்டியலிலும் நமக்கு இடம் கிடையாது. நாம் அவர்ணர். ஒரு நிறம்கூட ஒதுக்கப்படாத ஜனங்கள்.

பரதரின் நாட்டிய சாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ரசத்துக்கும் எட்டு நிறம் சொல்லியிருக்கிறது. கோபத்துக்குச் சிவப்பு, அச்சத்துக்குக் கறுப்பு, நகைக்கு வெள்ளை. நீலம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பீபத்சத்துக்கு. அதாவது அருவருப்புக்கு. மனுவோ பத்தாம் அத்தியாயத்தில், வியாபாரம் பண்ணிப் பிழைக்கும் நிலைக்கு வந்த பார்ப்பனர் விற்கக்கூடாத சரக்குகளை அடுக்கும்போது கள்ளோடும் அரக்கோடும் அவுரி நீலத்தையும் சேர்க்கிறான். அதே அத்தியாயத்தில்தான் சண்டாளனுக்கு உடை என்னவென்றும் எழுதியிருக்கிறான்: பிணத்தின் துணி. கடைக்காரர் அட்டையில் 'நம்பிக்கை' என்று இருப்பது சாத்திரக்காரன் அட்டையில் 'அருவருப்பு' என்று இருக்கிறது. சாயம் அதேதான், எழுதிய கைதான் வேறே.

நிறம் மனசில் ஒன்றுமே செய்யாது என்று நான் வாதாட வரவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ போட்டிகளில் யாருக்குச் சிவப்பு உடை, யாருக்கு நீலம் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் கொடுத்தார்கள். சிவப்பு உடுத்தியவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஜெயித்திருக்கிறார்கள் என்று 2005இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். உடனே உலகம் முழுக்கச் 'சிவப்பு போட்டால் வீரம் வரும்' என்று கிளம்பிவிட்டார்கள். 2008இல் ஜெர்மனியில் சிலர் வேறு மாதிரி சோதித்தார்கள். டேக்வாண்டோ சண்டையின் வீடியோவை எடுத்து, கம்ப்யூட்டரில் உடை நிறத்தை மட்டும் மாற்றி, 42 நடுவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே ஆள், அதே உதை. சிவப்பாகக் காட்டியபோது அதிக மதிப்பெண் விழுந்தது. அப்படியானால் வீரம் எங்கே இருந்தது? நடுவரின் கண்ணில். தோழர்களே, இந்த ஒரு சோதனையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சமூகத்தில் நடுவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வண்ண உளவியல் என்ற இந்தத் தொழிலின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் 1930களிலிருந்து ஃபேபர் பிர்ரன் போன்றவர்கள் கம்பெனிகளுக்கு நிற ஆலோசனை சொல்லிச் சம்பாதித்தார்கள்: ஆலைச் சுவருக்கு எந்த நிறம் அடித்தால் தொழிலாளி கண் களைக்காமல் உழைப்பான் என்று. 1979இல் சியாட்டிலில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு ஒரு வகை ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதியின் முரட்டுத்தனம் அடங்கிவிடுகிறது என்றார்கள். பல சிறைகள் அதைக் காப்பியடித்தன. பிறகு செய்த சோதனைகளில் அந்த அடக்கம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, ஆசை தெரிந்துவிட்டதல்லவா? உழைக்கிறவன் களைக்கக்கூடாது, கைதி திமிறக்கூடாது, வாங்குகிறவன் யோசிக்கக்கூடாது.

நம்மூர்க் கறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மாசம் தெருவில் கறுப்பு வேட்டி போனால் 'சாமி' என்று வழிவிடுகிறார்கள். செப்டம்பர் 17 அன்று அதே கறுப்பு போனால் 'கட்சிக்காரன்' என்று முறைக்கிறார்கள். 1948இல் கருஞ்சட்டைப் படையைச் சர்க்கார் தடையே செய்தது. எந்த அட்டையில் இருக்கிறது இது?

நீலம் நம்பிக்கை என்பதற்கு அவர்கள் காட்டுகிற உதாரணம் வங்கிகள். நான் வங்கியில் எழுத்தர். அந்த நீலப் பலகைக்குக் கீழேதான் தினமும் உட்காருகிறேன். தாட்கோ கடனுக்கு விண்ணப்பம் கொண்டுவரும் சேரிக்காரர் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்ப்பதை நான் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது மேனேஜர் அறைக் கதவை. "அடுத்த வாரம் வாய்யா", "ஜாமீன் யாரு தருவா?", "ஏற்கனவே வாங்கினவனே கட்டல". நாலு தடவை நடந்த பிறகு அவர் வருவதில்லை. சாயத்தைப் பார்த்து நம்பிக்கை வருகிற ஆள் வேறு ஆள். அவருக்கு முன்னாடியே நாற்காலி போட்டிருக்கும்.

இனி சட்டை விஷயத்துக்கு வருவோம். எந்த நிறச் சட்டை என்ற கேள்வி நம்மிடம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. சட்டையே போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. ஆமாம், பனியன்! திருப்பூரை உலக வரைபடத்தில் ஏற்றிய அதே பனியன். மீறியவர்களை அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1927 டிசம்பரில், மனுநூலை எரித்த மகத் மாநாட்டில் பெண்களைப் பார்த்து அண்ணல் பேசிய பேச்சில் பாதி உடையைப் பற்றியதுதான்: பார்த்தவுடன் தீண்டத்தகாதவள் என்று தெரிகிற மாதிரிச் சேலை கட்டுவதை விடுங்கள், அடையாளம் சொல்கிற நகைகளைக் கழற்றுங்கள் என்றார். உடை அழகு சம்பந்தப்பட்டது என்று அவர் நினைக்கவில்லை.

எல்லாம் பழைய கதை என்பீர்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. அதற்கடுத்த வாரங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ் சாதிச் சங்கங்களைக் கூட்டிவைத்துக்கொண்டு என்ன சொன்னார்? தலித் பையன்கள் ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாகிக் கிடக்கும்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது ஒரு டீ-சர்ட்! 2023இல் குஜராத்தின் பனஸ்கந்தாவில் நல்ல துணியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டதற்காகவே ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள். வெளுத்த சட்டை, சாயச் சட்டை எதுவானாலும் அவர்களுக்கு எரிகிறது. இதற்கு எந்த உளவியல் நிபுணரிடம் போய் அட்டை வாங்குவது?

பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். தெற்கு மாவட்டங்களில் பையன்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று 2019இல் கல்வித்துறைச் சுற்றறிக்கையே நிறங்களை எண்ணிச் சொல்லி, கழற்ற வையுங்கள் என்றது. எதிர்ப்பு வந்ததும் சர்க்கார் பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் இதைச் சாக்கு வைத்து ஒரு குரல் கிளம்பியிருக்கிறது: "அவன் கட்டுற கயிறும் சாதி, நீ போடுற நீலமும் சாதி. ரெண்டும் ஒண்ணுதானே?" நம் மாணவர்களே இதற்குப் பதில் தெரியாமல் தடுமாறுவதைக் கூட்டங்களில் பார்க்கிறேன்.

ஒண்ணு இல்லை. சோதித்துப் பாருங்கள். அந்தக் கயிறை நம் பையன் ஒரு நாள் கட்டிக்கொண்டு போகட்டும். கை மிஞ்சுமா? ஏனென்றால் கயிறு பிறப்பைச் சொல்கிறது. பிறக்காதவன் கட்டினால் திருட்டு. இனி நம் நீல டீ-சர்ட்டை அந்தப் பையன் போட்டுக்கொண்டு வரட்டும். நாம் டீ வாங்கித் தருவோம். உதை விழுந்தால் அவன் வீட்டில்தான் விழும். 1942இல் நாகபுரியில் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நீலம் ஒரு நிலைப்பாட்டின் நிறம். யார் வேண்டுமானாலும் ஏற்கலாம், ஏற்றவர் விலை கொடுக்க வேண்டும். நீல நிற அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போட்ட நாடு இது. கயிறு கட்டியவர்களின் தலைவர்களுக்கும் கூண்டு உண்டு என்பார்கள். உண்டுதான், ஆனால் அவர்கள் தெருவுக்குள் நுழையப் போலீஸ் அனுமதி கேட்டு யாரும் நிற்கவில்லை.

கூடவே நமக்குள்ளும் ஒன்று சொல்லியாக வேண்டும். வடக்கே நீலம் சிவப்பு, தெற்கே சிவப்பு பச்சை, மேற்கே இன்னொன்று என்று உட்சாதிக்கொரு நிறத்தை நாமே மணிக்கட்டில் ஏற்றத் தொடங்கினால், மேலே சொன்ன சோதனையில் நாமும் தோற்போம். அருந்ததியர் தோழர் நீலத்தைப் போட்டுக்கொண்டு நம் மேடையில் ஏறும்போது முதல் வரிசையில் சிலர் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். அந்த முகங்களுக்கும் பெயர் நடுவர்தான்.

இந்தப் பின்னணியில்தான் அந்த லாவண்டர் யோசனையைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு டீ-சர்ட் போட நம் மாணவர்கள் பேசியபோது டிசைன் படிக்கும் தோழர் ஒருவர், "கருநீலம் ரொம்ப முரட்டுத்தனமா தெரியுது தோழர். இளசா லாவண்டர் போனா எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். நல்ல பையன். ஆனால் அந்த 'எல்லாரும்' யார்? நம் தெருவில் யாருக்கும் நீலம் முரட்டுத்தனமாகத் தெரியவில்லை. யாருக்குத் தெரிகிறதோ அவர்கள் கண்ணை அவர் வாடகைக்கு வாங்கியிருக்கிறார். சியாட்டில் சிறையின் ரோஸ் நிறம் கொஞ்சம் நீலம் கலந்து நம் முதுகுக்கே வருகிறது, அவ்வளவுதான்.

சரி, அரசியலை விடுங்கள், அச்சுத் தொழிலாகவே பேசுவோம். இளநிறத் துணியில் வெள்ளை எழுத்து பத்தடி தள்ளினால் படிக்காது. கறுப்புத் துணி எடுத்தால் நீலம் நேராக ஒட்டாது, செத்துப்போகும். முதலில் வெள்ளையை அடித்துக் காயவைத்து, அதற்கு மேலேதான் நீலம் அடிக்க வேண்டும் என்றார் ஸ்கிரீன் போடுகிற அண்ணன். கறுப்பும் நீலமும் சேர நடுவில் வெள்ளை தரகு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடுதல் ஸ்கிரீன், கூடுதல் காசு. நீலத் துணியே எடுத்து வெள்ளையில் எழுதினால் ஒரே ஸ்கிரீன். தெருக்கோடியிலிருந்து படிக்கலாம். எழுத்தை மட்டும் தடியாக வைக்கச் சொல்லுங்கள். கவிதை எல்லாம் முதுகில் வேண்டாம், கவிஞன் நானே சொல்கிறேன்.

சாயத்தைப் பேசிவிட்டுச் சாயப்பட்டறையைப் பேசாமல் போக முடியாது. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு என்று 1992இல் கட்டினார்கள், சாயக்கழிவுதான் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட வேண்டிவந்தது. அட்டைக்காரர்களின் 'அமைதி' நிறம் அங்கே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரில் மூன்று வருஷம் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கப்பட்ட பெண் பிள்ளைகளில் நம் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர்! கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்ற பணம் பாதியில் நின்றவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த நூலில் நெய்த துணியில்தான் ஜெய்பீம் அச்சாகிறது. இணையத்தில் அண்ணல் படம் போட்ட 'பிரீமியம்' டீ-சர்ட்டை எழுநூறு எண்ணூறு ரூபாய்க்கு விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நாம் கேட்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே துணி எங்கிருந்து, தைக்கிறவருக்குப் பீஸ் ரேட் என்ன, வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடை வேண்டாம். ஏப்ரல் பத்தாம் தேதி போய் நின்று அவசரம் என்றால் இராத்திரி ஷிப்ட் போட்டுத்தான் தைப்பார்கள், அதிலும் உட்காரப்போவது நம் பெண்கள்தான். ஆகவே அளவுகளை மார்ச் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்புங்கள், முன்பணத்தோடு.