நம் கொல்லைக் கால்வாய் எங்கே போகிறது?



கடந்த தீபாவளிக்கு மறுநாள் காலை. முறுக்கும் அதிரசமும் சுட்டு மீந்த எண்ணெய் ஒரு சட்டி நிறைய இருந்தது. செபராங் ஜெயாவில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் பின்கதவைத் திறந்து அதைக் கால்வாயில் ஊற்றினேன். ஒவ்வோர் ஆண்டும் செய்வதுதான். அன்று பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் படிவ மாணவன். "அங்கிள், இது எங்கே போகும்?" என்று கேட்டான்.

"பெரிய கால்வாய்க்கு," என்றேன். "அதற்குப் பிறகு?" என்றான். இத்தனை ஆண்டுகள் இங்கே குடியிருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலை அவன், அவன் அப்பா, நான் மூவரும் கால்வாயோரமாகவே நடந்தோம். ஓர் உணவுக்கடையின் பின்புறத்தில் தட்டு கழுவிய நீர் வந்து விழுந்தது. கார் கழுவும் இடத்திலிருந்து சோப்பு நுரை மிதந்து வந்தது. நெகிழிப் பைகளும் பானப் புட்டிகளும் ஒரு மூலையில் அடைத்துக்கொண்டு நின்றன. போகப் போக நீர் கறுத்தது. கடைசியில் அது பிறை ஆற்றுப் பக்கம் திரும்பியது.

நம்மில் பலர் அறியாத ஒன்று உண்டு. கழிவறை நீர் தனிக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஆனால் பல பழைய தாமான்களில் சமையலறைத் தொட்டியின் நீர் மழைநீர்க் கால்வாயில்தான் விழுகிறது. கால்வாயில் விழுந்தது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றிலிருந்து, பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கடலுக்குப் போகிறது.

அந்தக் கடலை நம்பி வாழ்ந்தவர்களின் கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. செபராங் ஜெயாவுக்குத் தெற்கே, ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோலா ஜூரு என்ற மீனவக் கிராமம் உள்ளது. 1970களில் பிறை தொழிற்பேட்டை வளர்ந்தபோது ஆலைக் கழிவுகள் அந்த நீரில் கலந்தன. மீன்பிடி குறைந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மீனவர்களுக்குத் துணை நின்றது. அச்சங்கத்துக்குப் பல்லாண்டுகள் தலைமை வகித்த எஸ்.எம். முகமது இட்ரிஸ், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019இல் மறைந்தவர். மீனவர்கள் புகாரோடு நின்றுவிடவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் சிப்பி வளர்த்துப் பிழைப்புக்கு வழி தேடினார்கள்.

சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 1974இல் வந்துவிட்டது. ஆயினும் அதன் பிறகு பல ஆண்டுகள் ஜூரு ஆறு தூய்மை கெட்ட ஆறுகளின் பட்டியலிலேயே இருந்தது. ஏன்? என் எண்ணத்தில் ஒரு காரணம் இதுதான்: ஆற்றின் வாயில் இருந்தவர்கள் ஒன்றுபட்டார்கள், மேலே இருந்த நாம் அவர்களோடு சேரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் கூடினால் அது போராட்டம். அழுக்குச் செய்பவரும் அதனால் அவதிப்படுபவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் ஆறு மீளும்.

நாமும் கூடுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கூடுகிறோம். கோத்தோங் ரோயோங் என்றால் கையுறை, குப்பைப் பை, நண்பகலில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், ஒரு குழுப் படம். நானும் அதில் நின்றிருக்கிறேன். அடுத்த வாரமே அதே மூலையில் அதே குப்பை. அந்தக் காலைப்பொழுது வீண் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நாள் வேலை. ஆறு தினமும் ஓடுகிறது.

ஆகவே, நாள்தோறும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: கணக்கு வைப்பது. நம் நாட்டில் ஆற்று நீரின் தரத்தை ஆறு அளவுகளைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். கரைந்துள்ள உயிர்வளி, அமிலத்தன்மை, மிதக்கும் திடப்பொருள், அமோனியா ஆகியவை அவற்றுள் சில. 100க்கு 81 அல்லது அதற்கு மேல் வந்தால் தூய ஆறு. 60க்குக் கீழே போனால் தூய்மை கெட்ட ஆறு. முழுச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் வாரந்தோறும் அதே பாலத்தில், அதே நேரத்தில் நின்று நீரின் நிறம், மணம், நுரை, மீன் தென்பட்டதா என்று எழுதி ஒரு படம் எடுக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கைத்தொலைபேசியும் போதும்.

ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சே மாறும். "ஆறு நாறுகிறது" என்பது முறையீடு. "செவ்வாய்க்கிழமைகளில் மாலையில் இந்த இடத்தில் நுரை வருகிறது" என்பது சான்று. அதைப் பள்ளிச் சுற்றுச்சூழல் கழகம் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் சுற்றுச்சூழல் துறையிடமும் தரலாம். ஆலயம், சூராவ், சீனர் கோயில், உணவுக்கடைகள் எல்லாரையும் அந்தக் குறிப்பின் முன் உட்காரவைக்கலாம். அதில் ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லை. எல்லாருடைய நீரும் அதில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெரியவர் துணையில்லாமல் போகாதீர்கள், நீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இத்தகைய நீரில்தான் தொற்றும்.

"ஆலைகள் கொட்டுவதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சட்டியைப் பிடிப்பானேன்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் மாணவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகையோரைச் சட்டம்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஆற்றை வாரந்தோறும் பார்க்கும் கண்கள் இருந்தால், கொட்ட வருபவன் யோசிப்பான். நம் கை சுத்தமாக இருந்தால் நம் குரலுக்கும் எடை கூடும்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டு எண்ணெய் ஆறியதும் புட்டியில் அடைபட்டு, மறுசுழற்சிக்குப் போகும். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நோட்டைத் தொடங்கிவிட்டான். முதல் பக்கத்தில் என் சட்டிதான் இருக்கிறது, தேதியோடு.

நீங்களும் உங்கள் வீட்டுக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடித்து இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள்.